உயிரோடு இருப்பவருக்குப் படம் கிடையாது

மார்வலின் டாப்பின் ஒரு மனிதரைச் சாகடித்தது இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தபோதுதான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. கடை வானொலியில் மரண அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற வாடிக்கையாளர் தன் இருமலின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மேற்கிந்தியத் தீவு ஒன்றில் இருக்கிற ஸ்பைட்ஸ்டவுனில் மரண அறிவிப்பைக் கேட்காமல் யாரும் மதியச் சாப்பாட்டில் கைவைக்க மாட்டார்கள். அறிவிப்பும் லேசில் முடியாது. போனவரின் பெயர், ஊர் அவரை அழைத்த பெயர், அப்புறம் அவர் யாருக்கு அப்பா, யாருக்குத் தம்பி, யாருக்கு ஞானத்தந்தை, டொரொன்டோவில் இருப்பவர் யார், புரூக்ளினில் இருப்பவர் யார், டாமினோ கூட்டாளிகள் யார் யார் என்று ஒருவரையும் விடாமல் வாசிப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அடக்கம் முடிவதற்குள் குடும்பத்தில் வெட்டுக்குத்து நடக்கும். மார்வலின் ஒருவழியாக இருமலிடமிருந்து காதை மீட்டு வானொலிப் பக்கம் திருப்பியபோது, அந்தக் கனத்த குரல் "சிக்ஸ் மென்ஸ் ஊரைச் சேர்ந்த ஆஸ்பர்ட் ஸ்கீட், முன்னாள் மேற்கிந்தியத் தீவுகள் வேகப்பந்து வீச்சாளர்" என்று சொல்லி, அடுத்த பெயருக்குப் போனது.

மார்வலின் இருமல்காரருக்குப் பாக்கிச் சில்லறை கொடுக்கவும் மறந்துபோனாள்.

மார்வலினுக்கு ஆஸ்பர்ட் ஸ்கீட் உறவும் இல்லை, நட்பும் இல்லை. ஆனால் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய பக்கம் முக்கால்வாசி அவள் எழுதியது. பல வருடங்களுக்கு முன்னால், இந்தத் தீவில் பிறந்த வேறொரு ஆட்டக்காரரை அங்கே யாரோ ஜமைக்காக்காரர் என்று எழுதிவைத்திருந்ததைப் பார்த்துக் கொதித்துப்போய், திருத்துவதற்காக உள்ளே போனவள் அவள். இன்னும் வெளியே வரவில்லை. தீவின் கிரிக்கெட்காரர்கள், பள்ளி ஆசிரியைகள், கலங்கரை விளக்கங்கள் என்று எழுதித் தள்ளினாள். சம்பளம் உண்டா என்று அவள் நாத்தனார் கேட்டாள். இல்லை என்றதும், அப்படியானால் உனக்குத் தலைவலி மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறதால்தான் இந்த வேலை பார்க்கிறாய் என்றாள்.

ஸ்கீட்டின் பக்கத்தில் எல்லாம் இருந்தது, முகம் மட்டும் இல்லை. அது அந்தக் கலைக்களஞ்சியத்தின் விதி. அங்கே போடும் படம் கட்டற்றதாக இருக்க வேண்டும். அதாவது எடுத்தவரே மனமுவந்து, என் பெயரைப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக்கொடுத்த படம். பதிப்புரிமைப் பூட்டுப் போட்ட படத்தை உயிரோடு இருப்பவருக்குப் போட விடமாட்டார்கள். ஆள் உயிரோடுதானே இருக்கிறார், யாராவது போய் ஒரு படம் எடுத்துவர வேண்டியதுதானே என்பார்கள். இறந்துவிட்டால் கதை வேறு. இனிமேல் எடுக்க வழியில்லை, கட்டற்ற படம் வேறெதுவும் கிடையாது என்றால், பூட்டிய படத்தையே சின்னதாக, காரணம் எழுதிவைத்து, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஆக, சில மனிதர்களுக்கு அங்கே செத்தால்தான் முகம் கிடைக்கும். இந்த விதியை அங்கே எழுதுகிறவர்கள் சிரிக்காமல் விளக்குவார்கள், அதுதான் வேடிக்கை.

ஸ்கீட் கேமராவைக் கண்டால் வீட்டுக்குள் போய்விடுகிற ஆள். தேவாலயத்தின் மூலமாகவும், மீன் சந்தையின் மூலமாகவும் மார்வலின் சொல்லி அனுப்பிப் பார்த்திருந்தாள். முடியாது என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் அன்று மதியம் கடைக்கதவை அரைவாசி சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கிறார்" என்பதையெல்லாம் "இருந்தார்" என்று மாற்றினாள். உலகத்துக்கே தெரிந்த அந்தப் பழைய படத்தை ஏற்றினாள். துக்கம் உண்மைதான். ஆனால் வேறு யாரும் முந்திவிடக் கூடாது என்ற அவசரமும் கூடவே இருந்தது, அதை இங்கே மறைப்பானேன்.

அந்தப் படம் லண்டனில் எடுத்தது. கையை மடக்கி எறிகிறான், இது பந்துவீச்சே இல்லை என்று ஓரத்தில் நின்ற நடுவர் கையை நீட்டி நிற்கிறார். ஆடுகளத்தின் நடுவே ஸ்கீட், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார். இருபத்து மூன்று வயது. அதற்கப்புறம் அவரைத் தீவுகளின் அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. படம் ஒரு பெரிய நிறுவனத்தின் சொத்து.

கொஞ்ச நேரத்தில் சாம்பல் நாரை வந்துவிட்டது. அது விக்கிப்பீடியாவில் எழுதித் திருத்துகிற ஒருவரின் புனைபெயர். எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. படத்தில் தப்புக் கண்டுபிடிப்பதே அதற்கு வேலை. இறந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. வானொலியில் என் காதால் கேட்டேன் என்று மார்வலின் எழுதினாள். உங்கள் காதை மேற்கோள் காட்ட முடியாது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. சாம்பல் நாரை படத்தையும் தூக்கி, "இருந்தார்" எல்லாவற்றையும் "இருக்கிறார்" ஆக்கிவிட்டுப் போனது. மார்வலினுக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு பேருக்கு மாத்திரைச் சீட்டு மாறிப்போகப் பார்த்தது. பாவம் செத்தவரைச் சாகவும் விடமாட்டேன் என்கிறார்களே என்று கடைப்பையனைப் போட்டு வாட்டினாள்.

மறுநாள் காலை எர்மின் ஸ்கீட் கடைக்கு வந்தாள். ஆஸ்பர்ட்டின் அக்கா, எண்பது தாண்டியவள், கல்யாணம் கட்டாதவள், நாக்கு மட்டும் இன்னும் முப்பதில் நிற்கிறவள். மாதாமாதம் தம்பிக்கு மாத்திரை வாங்க அவள்தான் வருவாள். மார்வலின் ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஆழ்ந்த வருத்தத்தைச் சொன்னாள். எர்மின் தலையாட்டி வாங்கிக்கொண்டாள். பிறகு மருந்துச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஆஸ்பர்ட்டுக்கு பிரஷர் மாத்திரை குடு."

மார்வலின் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிற? செத்தவனுக்கு எதுக்கு பிரஷர் மாத்திரைன்னுதானே? எனக்கும் அதான் புரியல. நீதானே எழுதியிருக்க, நீயே சொல்லு."

செத்தது லெமுவல், அவர்களுடைய கடைசித் தம்பி. வானொலிக்காரன் லெமுவலின் பெயரைச் சொல்லி, அவர் யாருக்கெல்லாம் தம்பி என்று வரிசையாக வாசிக்கும்போது ஆஸ்பர்ட்டின் பெயரும் வந்தது. துக்கத்தில் இருப்பவர்களின் பெயரை நடுவில் கேட்டு, துக்கத்துக்குக் காரணமானவரின் பெயர் என்று எடுத்துக்கொண்டாள் மார்வலின். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

எர்மின் விடவில்லை. டொரொன்டோவிலிருந்து தம்பி மகள் ஒருத்தி, மார்வலின் எழுதியதைப் பார்த்துவிட்டு, அலறியடித்துப் போன் செய்தாளாம். எடுத்தது ஆஸ்பர்ட். பெரியப்பா எப்போது போனார் என்று பெரியப்பாவிடமே கேட்டிருக்கிறாள்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று ஈனக்குரலில் கேட்டாள் மார்வலின்.

"'இன்னும் கெளம்பலம்மா, டீ குடிச்சிட்டு இருக்கேன்'னான். சாவச் சொன்னதுக்கு அவனுக்குக் கோவம் இல்ல. அந்தப் போட்டோவப் போட்டியே, அதுக்குத்தான். லெமுவல் அடக்கம் முடியட்டும், ஞாயித்துக்கிழமை நீ வீட்டுக்கு வரணுமாம்."

அன்று இரவுக்குள் மார்வலின் சாம்பல் நாரைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நீங்கள் மட்டும் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் ஒரு வீட்டில் இரண்டு சாவாகியிருக்கும் என்று எழுதினாள். அவர் உயிரோடு இருப்பது எனக்கு மிகவும் சந்தோஷம், இவ்வளவு நல்ல திருத்தத்தை நான் செய்ததே இல்லை என்று பதில் வந்தது. முகம் தெரியாத அந்த ஆள்மேல் அவளுக்கு அப்போதுதான் முதல்முதலாகப் பாசம் வந்தது.

ஞாயிறன்று ஒரு தட்டு மக்ரோனி அடையைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு, குற்றவாளியாகச் சிக்ஸ் மென்ஸுக்குப் போனாள். ஆஸ்பர்ட் ஸ்கீட் பின்கட்டில் கல்தொட்டி முன்னால் நின்று பறவைமீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்ற ஆள். அந்தத் தோள்கள் இன்னும் அப்படியேதான் இருந்தன. அவள் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பை ஆரம்பித்ததும், கத்தியை ஆட்டி நிறுத்தினார்.

"அதை விடு. நான் செத்தது எனக்கே புதுசா இருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. எங்கெங்கயோ இருந்து எவ்வளவு பேரு நல்லவன்னு சொன்னாங்க தெரியுமா? ஒண்ணு மட்டும் கேக்கணும். நான் நெசமா செத்தா, அந்தப் போட்டோ அங்க வருமா, வராதா?"

மார்வலினுக்குப் பொய் சொல்ல வாய் வரும், ஆனால் அந்த மனிதர் நிற்கிற நிலையில் வரவில்லை.

"வரும், மிஸ்டர் ஸ்கீட். நான் போடலைன்னாலும் வேற யாராவது போடுவாங்க. அப்ப விதி அதை அனுமதிக்கும்."

அவர் மறுபடி மீன் பக்கம் திரும்பினார். வேகமாக முள் எடுத்தார். முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசினார். அந்தப் படத்தில் இருக்கிற ஒரு நிமிடத்துக்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவோ ஆடியிருக்கிறாராம். உள்ளூர் அணிக்கு விக்கெட்டாக எடுத்துக் குவித்தவர். பையன்களுக்குப் பந்துவீசச் சொல்லிக்கொடுத்தவர். ஒன்றுக்கும் படம் இல்லை. புத்தகம் போடுகிறவன், செய்தி போடுகிறவன், எல்லோரும் அந்தத் தொங்கிய தலையைத்தான் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். ஒருதரம் அந்த நிறுவனத்துக்கே எழுதினாராம், படத்தை எரிக்க வேண்டும், என்ன விலை என்று. கூடத்தில் மாட்டுகிற அளவுப் பிரதிக்கு என்ன விலை, சட்டத்தோடு என்ன விலை என்று பதில் போட்டார்களாம்.

மார்வலின் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரித்ததற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இத்தனை வருடம் விதியைக் கரைத்துக் குடித்திருந்தும், அதன் மறுபக்கத்தை அவள் யோசித்ததே இல்லை.

"மிஸ்டர் ஸ்கீட், கட்டற்ற படம் ஒண்ணுகூட இல்லைன்னாத்தான் அந்தப் படம் வர முடியும். ஒண்ணே ஒண்ணு இருந்துட்டா, உங்க முகத்தைக் காட்டுறேன்னு சொல்லிட்டு அதை உள்ள கொண்டுவர முடியாது. நீங்க செத்தாலும் முடியாது. எப்பவும் முடியாது."

கத்தி நின்றது. "அப்ப இப்பவே ஒரு போட்டோ எடுத்துட்டா?"

"பூட்டின படம் வெளியவே நிக்கணும்."

ஆனால் அவர் லேசில் விழுகிற ஆள் இல்லை. கட்டற்றது என்றால் என்ன அர்த்தம் என்று ஆதியோடந்தமாகக் கேட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், நாளைக்கு எவனாவது என் மூஞ்சியை ரம் பாட்டிலில் ஒட்டினால் என்று கேட்டார். காப்பிரைட் அவனைத் தடுக்காது, ஒருவருடைய முகத்துக்கு என்று சில இடங்களில் வேறு சட்டம் உண்டு, ஆனால் அதை நம்பி நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள் மார்வலின். கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது என்பதையும் சொன்னாள். சொல்லும்போதே, காரியம் கெட்டது என்று நினைத்தாள். வாழ்நாள் முழுவதும் தன் முகத்தைத் தன்னைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தியதைப் பார்த்து நொந்தவரிடம், இனி யாருமே கேட்க வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள் என்றால் எந்த மனிதர் சம்மதிப்பார்?

அவர் மீனை எல்லாம் உப்பும் எலுமிச்சையும் போட்டு மூடிவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து எர்மின் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"அது பேர்பெத்த போட்டோ. உன் போன்ல எடுக்கிற போட்டோவ எவன் சீண்டுவான்?"

"பத்திரிகைக்காரங்க கஞ்சப் பிசினாறிங்க, மிஸ்டர் ஸ்கீட். ஒண்ணுக்குக் காசு குடுக்கணும், ஒண்ணு சும்மா கிடைக்குதுன்னா, எதை எடுப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?"

அவர் எழுந்து உள்ளே போய் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். ரம் பாட்டிலில் ஒட்டினாலும் நிமிர்ந்த தலையாக இருந்தால் சரி என்றார்.

படம் எடுப்பது அப்புறம் பெரும்பாடாகிவிட்டது. மார்வலின் போனைத் தூக்கியதும் அந்த மனிதர் விறைத்துப்போனார். கல்தொட்டி பக்கத்தில் நிற்க வைத்தாள், விறைத்தார். ஈரப்பலா மரத்தடிக்குக் கூட்டிப்போனாள், அங்கேயும் விறைத்தார். கேமராவுக்கு இத்தனை வருடம் பயந்த முகம், அதற்கு எதிரே என்ன செய்வதென்றே தெரியாமல் நின்றது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த எர்மின் வெளியே வந்து, மார்வலின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். எதை அமுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"டேய் ஆஸி, சர்ச் வாசல்ல அந்த முத்தெல் போஸ்டிக் பொண்ண இம்ப்ரெஸ் பண்ணணும்னு ஓடி வந்து பந்து போட்டு, பாதிரியார் தொப்பியக் கழட்டினியே, அப்ப உன் கை மடங்குச்சா நேரா இருந்துச்சா? நடுவர் யாரும் இல்லாமப் போயிட்டாங்க, இல்லைன்னா அன்னிக்கே உன் கதை முடிஞ்சிருக்கும்."

அவருடைய வாழ்க்கையைக் கெடுத்த விஷயத்தை வைத்து அவரைக் கிண்டல் செய்ய உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. ஆஸ்பர்ட் தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப்பல் தெரிய, கண் இடுங்கச் சிரித்தார். எர்மின் அமுக்கினாள்.

அன்று மாலை படத்தை ஏற்ற உட்கார்ந்த மார்வலின், "சொந்தப் படைப்பு" என்ற பெட்டியில் பழக்கதோஷத்தில் குறி போடப் போய், கையை இழுத்துக்கொண்டாள். போன் யாருடையது என்பதா கணக்கு? அமுக்கியது யார்? அந்தப் படம் எர்மினுடையது, கொடுக்கிற உரிமையும் அவளுடையதுதான். மறுபடி சிக்ஸ் மென்ஸுக்குப் போய், எர்மினை உட்காரவைத்து, அவள் பெயரிலேயே அனுமதியை மின்னஞ்சலில் அனுப்பவைத்தாள். கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்றாள் எர்மின். உங்கள் பெயர், எடுக்கிறவர்கள் அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றாள் மார்வலின். அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கினாள் எர்மின். ஆனாலும் பெயரை முழுசாகப் போடு, பாதியில் நிறுத்தாதே என்றாள். படம் பக்கத்தில் ஏறியதும் சாம்பல் நாரை ஒரு நன்றி அனுப்பியது. வேறெதுவும் எழுதவில்லை. மார்வலின் அதைக் கடைப்பையனுக்குக்கூடக் காட்டினாள்.

மறுவருட மழைக்காலத்தில் எர்மின் போன் செய்தாள். வானொலியில் கேட்டு நீ மறுபடி வேறு யாரையாவது கொன்றுவிடப் போகிறாய், அதனால் நானே சொல்கிறேன் என்றாள். அதற்குமேல் அவளால் கிண்டல் செய்ய முடியவில்லை. ஆஸ்பர்ட் தூக்கத்திலேயே போய்விட்டார். மார்வலின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

செய்தி தீவின் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் பக்கத்தைத் திறந்தாள். யாரோ ஒரு புது ஆள், அவளைப் போலவே துக்கமும் அவசரமுமாக, எர்மினின் படத்தை எடுத்துவிட்டுத் தொங்கிய தலைப் படத்தைப் போட்டிருந்தார். ஸ்கீட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லிவிட்டு வந்தோமே, அவருக்கு வாக்குக் கொடுத்தோமே என்று உடனே மாற்றப் போனாள். அதற்குள் அது மாறிவிட்டிருந்தது. தொங்கிய தலை போய், ஈரப்பலா மரத்தடியில் தலையைச் சாய்த்துச் சிரிக்கிற முகம் வந்துவிட்டது. பக்கத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது: "இவருக்குக் கட்டற்ற படம் இருக்கிறது. எடுத்தவர் எர்மின் ஸ்கீட்." எழுதியது சாம்பல் நாரை.

பத்திரிகைக்காரர்கள் கஞ்சர்கள் என்பதும் பொய்யாகவில்லை. பழைய படத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிட்னியில், கராச்சியில், சென்னையில், லண்டனிலேயேகூட, அவசரத்தில் சும்மா கிடைத்ததை எடுத்துப் போட்டவர்கள் அவர்களைவிட அதிகம். சிலர் எர்மினின் பெயரை விழுங்கிவிட்டார்கள், அவர்கள் நாசமாய்ப் போகட்டும். மற்றவர்கள் முழுசாகப் போட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து தேவாலய வாசலில் எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, மார்வலின் ஒவ்வொன்றாகப் போனில் எர்மினுக்குக் காட்டினாள். எர்மின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, அந்தப் பாழாய்ப்போன படத்தை எடுத்துக் கடாசியது யார் என்று கேட்டாள். தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது என்றாள் மார்வலின்.

"எந்த ஊரா இருந்தா என்ன? போனை எடு, நான் சொல்றத எழுது."

மார்வலின் சாம்பல் நாரையின் பக்கத்தைத் திறந்து காத்திருந்தாள். கறுப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கல்லறைத் தோட்டத்தின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, எர்மின் சொன்னாள்.

"'என் தம்பி தலை குனிஞ்சுட்டுப் போகல. சிரிச்சுட்டுத்தான் போனான். உன்னாலதான். கடவுள் உன்னை நல்லா வெச்சிருக்கணும்.' எழுதிட்டியா? அதுக்குக் கீழ என் பேரப் போடு. அப்புறம், அது சாப்பிட்டுச்சான்னு கேளு."

மார்வலின் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே எழுதி அனுப்பினாள்.